கட்டை போடாமல் இறங்கியவன்

மதினியிடம் பாதிக் கதை சொல்லிவிட்டு யாரும் தப்பித்ததில்லை. பால்காரர் போகிற போக்கில், "எங்க மாடு நேத்து கன்னு போட்டுச்சு மதினி" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பப் பார்ப்பார். பால் சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு மதினி கேட்பாள்: "அப்புறம்?" கன்று காளையா கிடாரியா, தலை முதலில் வந்ததா கால் முதலில் வந்ததா, சீம்பால் யார் யாருக்குப் போனது என்று கடைசிச் சொட்டுவரை கறந்த பிறகுதான் அவரை விடுவாள். அன்றைக்கு அடுத்தடுத்த வீடுகளில் எல்லாம் காப்பி தாமதம்.

குத்துக்கல்வலசையில் அவள் வீட்டு மாடிக்கு நான் குடிவந்த அன்றே எனக்கும் இது நடந்தது. சொந்த ஊர் கோவில்பட்டி, தென்காசியில் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை, வீட்டுக்காரர் துபாயில் என்று சுருக்கமாக என் ஜாதகத்தை முடித்துக்கொள்ளப் பார்த்தேன். நடக்குமா? வேனிலிருந்து சாமான் இறங்கி முடிவதற்குள், எனக்கும் என் மாமியாருக்கும் என்ன தகராறு என்பதுவரை என் வாயிலிருந்தே பிடுங்கிவிட்டாள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அன்றைக்கே வேறு வீடு பார்த்திருப்பேன். ஆனால் மறுநாள் காலையில் ஒரு தூக்குச்சட்டி நிறையத் தேங்காய்ப்பால் சொதியோடு மாடியேறி வந்தாள். "ராத்திரி பூரா யோசிச்சேன்ட்டி. ஒம் மாமியா மேலயும் தப்பு இல்ல, ஒம்மேலயும் தப்பு இல்ல. அடுப்படி சின்னது, அதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். எங்கள் கோவில்பட்டி வீட்டு அடுப்படி உண்மையிலேயே சின்னதுதான். அதற்குப் பிறகு அவள் என்ன கேட்டாலும் எனக்குக் கோபம் வந்ததில்லை.

அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. அவள் வீட்டுக்காரரைத் தெருவே அண்ணாச்சி என்று கூப்பிட்டதால் அவள் தெருவுக்கே மதினியாகிவிட்டாள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

அண்ணாச்சி ராணுவத்தில் லாரி டிரைவராக இருந்தவர். ஓய்வு பெற்று வந்து சொந்தமாக ஒரு வேன் வாங்கி, குற்றாலம் சீசனுக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு அவர் பேசுகிற பேச்சை ஒரு டம்ளரில் பிடித்துவிடலாம். வேனை எங்கே நிறுத்தினாலும் இறங்கியவுடன் பின்சக்கரத்துக்கு ஒரு மரக்கட்டையை அண்டை கொடுப்பார். மலை ரோட்டில் டிரைவர்கள் கட்டை போடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் எங்கள் தெரு தோசைக்கல் மாதிரித் தட்டை. அங்கேயும் கட்டை! எதிர்வீட்டு சரசுவின் பிள்ளைகள் அதில் தடுக்கி விழுந்து, சரசு சண்டைக்கே வந்துவிட்டாள். "வண்டி உருண்டாலும் புள்ளையளுக்குத்தானம்மா ஆபத்து" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி உள்ளே போய்விட்டார். அதோடு அன்றைய டம்ளர் நிறைந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. அவருடைய இடது கைச் சுண்டுவிரலுக்கு நுனி கிடையாது.

கல்யாணமான புதிதில், மூத்த மகளை வயிற்றில் வைத்துக்கொண்டு மதினி கடையத்தில் தாய்வீட்டில் இருந்தபோது வடக்கே மலைமேல் சண்டை நடந்திருக்கிறது. மாதக்கணக்கில் கடிதம் இல்லை. செய்தி நேரத்தில் வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாதாம். பிறகு ஒருநாள் அண்ணாச்சி டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினார். ஆள் பாதியாகிப் போயிருந்தார், சுண்டுவிரலில் நுனி இல்லை.

"அங்கன என்னதான் நடந்துச்சு?" என்று மதினி கேட்டிருக்கிறாள்.

"வண்டி ஓட்டுனேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மறுநாளும் ஓட்டுனேன்."

"வெரலு?"

"பின்கதவைச் சாத்தும்போது மாட்டிக்கிச்சு."

இவ்வளவுதான். ஊரையே கறந்தவளுக்கு வீட்டுக்குள் ஒரு சொட்டு கிடைக்கவில்லை. எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்திருக்கிறாள். கொஞ்சியும் கேட்டாள், சண்டை போட்டும் கேட்டாள், ஒரு தடவை கீழப்பாவூர் நரசிம்மர் சன்னதியில் வைத்தே கேட்டாள். பதில் மாறவே இல்லை.

"பெருசா என்னமோ நடந்திருக்குட்டி" என்பாள் என்னிடம். "எவனையாவது சுட்டிருப்பாவ. இல்லன்னா கூட இருந்தவன் எவனையாவது விட்டுட்டு வந்திருப்பாவ. நான் தாங்க மாட்டேன்னு மறைக்காவ. கட்டுன பொண்டாட்டிகிட்டச் சொல்ல முடியாதது என்னட்டி இருக்கும்?" கேட்கும்போது குரல் இறங்கிவிடும். மற்றவர்கள் கதை அவளுக்கு ருசி. இந்தக் கதை ருசி இல்லை, வலி. தன் புருஷன் தன்னை நம்பவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் சொல்லாததைச் சினிமாவாவது சொல்லாதா என்று ராணுவப் படம் ஒன்றைக்கூட அவள் விடுவதில்லை. சுதந்திர தினம், குடியரசு தினம் என்றால் டிவியில் இரண்டு மூன்று போடுவான். காலையிலேயே குளித்து, சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். அண்ணாச்சி, "சினிமாவுல என்னட்டி இருக்கு" என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்தருவிக்குக் குளிக்கப் போய்விடுவார். நான் அவளோடு உட்கார்ந்து பார்ப்பேன். கதாநாயகன் எதிரிகளைச் சுட்டுத் தள்ளும்போது மதினி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருப்பாள். திடீரென்று, "அந்தா! அந்தா!" என்று கத்துவாள். நான் நிமிர்வதற்குள் போய்விட்டிருக்கும். வேறென்ன, லாரிதான். எல்லாப் படத்திலும் தூரத்தில் ஒரு மலை, அதில் வரிசையாக ஏழெட்டு லாரி, கண்ணைச் சிமிட்டினால் காணோம்.

"ஒருத்தனாவது லாரிக்கு உள்ள இருந்து காட்டுதானா பாரு" என்று சலித்துக்கொள்வாள். "அதுக்குள்ள ஆள் இருக்குன்னே இவனுவளுக்குத் தெரியல."

அண்ணாச்சிக்குச் சர்க்கரை முற்றிச் சிறுநீரகத்தைத் தாக்கியது. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் மதினி விடவில்லை. "இப்பமாவது சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாள். அவர், "ரோடு வழுக்கும். பாத்து ஓட்டணும்" என்றாராம். அதற்கு மறுவாரம் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு மதினி என்னிடம் இதைச் சொன்னாள். அழவில்லை. கோபமாக இருந்தாள்.

"கடைசி வரைக்கும் பொய் சொல்லிட்டே போயிட்டாவட்டி. பொய்யின்னு அவிய மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன்."

வேனை விற்றாள். கட்டையை மட்டும் கொடுக்கவில்லை. சாரல் காற்றில் வாசல் கதவு படார் படார் என்று அடிக்கும். அதற்கு அண்டையாக வைத்துக்கொண்டாள்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு சீசன் நேரத்தில் அந்தப் படம் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து மகள் டிரெய்லரை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். இருட்டில் பனி, வரிசையாக லாரிகள், ஒரு டிரைவரின் முகம். அவன் சொல்கிறான்: "மேல நிக்கிறவன் துப்பாக்கியை நம்பி நிக்கலை. எங்க வண்டியை நம்பி நிக்கிறான்." சண்டையே காட்டவில்லை. மலைமேல் இருக்கிற ராணுவத்துக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோன லாரி டிரைவர்களின் கதையாம். எனக்குச் சினிமாப் பைத்தியம் உண்டு. சண்டை போட்டவர்களைப் பற்றி எத்தனையோ படம் வந்துவிட்டது, அவர்களுக்குச் சோறு கொண்டுபோனவர்களைப் பற்றி எவனாவது எடுத்தானா? எடுத்துவிட்டான்! எனக்கே உடம்பு சிலிர்த்தது. மதினிக்கு எப்படி இருந்திருக்கும்?

அவள் அந்த டிரெய்லரைப் போட்ட போடில் அந்த வசனம் மாடியில் இருந்த எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. தெரு முழுக்கச் சொன்னாள்: "எங்க வீட்டு அவிய கதையப் படமா எடுத்திருக்கானுவ. இப்பம் எல்லாம் தெரிஞ்சிரும் பாருங்க."

சரசுவையும் கூப்பிட்டாள். சீசன் வந்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு எங்கெங்கோ இருக்கிற சொந்தமெல்லாம் ஞாபகம் வந்துவிடும், அதாவது அவர்களுக்கு எங்கள் ஞாபகம் வந்துவிடும். சரசு வீட்டில் கொடி முழுக்க ஈர ஜட்டியும் துண்டுமாகத் தொங்கியது. "எங்க மதினி வர? ஒரே விருந்தாடி. சோறு வடிச்சே கை ஓஞ்சு போச்சு. நீங்க பாத்துட்டு வந்து கதையை ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்றாள். கதையை ஒண்ணு விடாமல் சொல்லும்படி மதினியிடம் கேட்ட ஒரே ஆள் சரசுவாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டத்துக்குப் போனோம். மதினி விசேஷ வீட்டுக்குப் போகிற சேலையை எடுத்துக் கட்டியிருந்தாள். அன்றைக்குப் பார்த்து அருவிகளில் தண்ணீர் கூடிப்போய்க் குளிக்கத் தடை. எண்ணெய் தேய்த்துவிட்டுக் குளிக்க முடியாமல் போன கூட்டமெல்லாம் தென்காசித் தியேட்டருக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. தியேட்டரே நல்லெண்ணெய் வாடை. முன்வரிசை நாற்காலிகளின் முதுகில் சாரலில் நனைந்த துண்டு காய்ந்துகொண்டிருந்தது. வெளித் தின்பண்டத்துக்கு அனுமதி இல்லை என்று போர்டு போட்டிருந்ததால் மதினி மங்குஸ்தான் பழங்களைக் குடைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்தாள். "ஓட்டைத் தூக்கி எறிஞ்சு சீட்டைக் கறையாக்கிராதட்டி" என்று எனக்கு எச்சரிக்கை வேறு.

படம் ஆரம்பித்தது. சும்மா சொல்லக் கூடாது, முதல் அரைமணி நேரம் அவ்வளவு நன்றாக இருந்தது. விடியவில்லை. பனியில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. டீசல் உறைந்துபோய் ஸ்டார்ட் ஆகவில்லை. டிரைவர்கள் டேங்குக்கு அடியில் தீ மூட்டிச் சூடாக்குகிறார்கள். சக்கரங்களுக்குச் சங்கிலி கட்டுகிறார்கள். ஒருவருக்கும் பேச்சில்லை. இரும்புக் கம்பியால் டயரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே ஒருவன் நடக்கிறான். சரிவில் வண்டி நிற்கிறது, ஒருவன் குதித்துச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறான்.

"கட்டை!" என்று மதினி என் கையைப் பிடித்தாள்.

அடுத்த காட்சியில் மூட்டைகளை ஏற்றிவிட்டுப் பின்கதவைத் தூக்கிச் சாத்துகிறார்கள். மரத்துப்போன கை, ஒரு சின்னப் பையனின் விரல் மாட்டிக்கொள்கிறது. அவன் கத்துகிறான். மற்றவர்கள் ஒரு கந்தலைக் கிழித்துக் கட்டிவிட்டு, அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். அவ்வளவுதான், வண்டி கிளம்பிவிட்டது. நான் மதினியைத் திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்தபடி இருந்தது. கையில் பிதுக்கின பழம் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பாழாய்ப்போன டைரக்டருக்கு என்ன வந்ததோ! ஒரு வளைவில் எதிரிகள் சுடுகிறார்கள். கதாநாயகனின் நண்பன் சாகிறான். கதாநாயகன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கிறான், பின்னணியில் தவில் அடிக்கிறது, சீட்டுக்கு அடியிலிருந்து துப்பாக்கியை உருவிக்கொண்டு, அந்தச் சரிவில், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை அணைக்காமல் கதவைத் திறந்து குதிக்கிறான். தியேட்டரே விசில்.

மதினி எழுந்து நின்றுவிட்டாள். "ஏலே! கட்டை போடாம எறங்குதானே! வண்டி உருண்டுரும்லே!"

விசில் நின்று சிரிப்பு வெடித்தது. "ஆச்சி, நீங்க போயி போட்டுட்டு வாங்க!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். வேறு நாளாக இருந்தால் ஆச்சி என்றதற்கு அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அன்று அவள் காதில் எதுவும் விழவில்லை. நான்தான் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

போனவன் போனவன்தான். அதற்குப் பிறகு லாரிப் பக்கமே அவன் வரவில்லை. ஒற்றை ஆளாக ஒரு மலையைப் பிடித்தான். மெல்லிசுச் சேலையில் கதாநாயகி பனியில் புரண்டு பாடினாள். எனக்குக் குளிர் எடுத்தது, அவளுக்கு எடுக்கவில்லை. எதிரிப் படைத்தலைவன் கதாநாயகனின் தமிழைப் புரிந்துகொண்டு தமிழிலேயே பதில் சொன்னான். நான் தலையில் அடித்துக்கொண்டேன். மதினி மட்டும் ஒவ்வொரு காட்சிக்கும் என் பக்கம் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்: "அந்த லாரி என்னாச்சுட்டி? அதுல அரிசி இருந்துச்சே. மேல இருக்கவனுவ என்னத்தத் திம்பானுவ?"

கொடி பறந்தது, நீளமாக வசனம் பேசினார்கள், படம் முடிந்தது. கூட்டம் துண்டுகளை உருவிக்கொண்டு வெளியேறியது. பெயர்களெல்லாம் ஓடி முடிந்து திரை வெள்ளையாகிற வரை மதினி எழுந்திருக்கவில்லை. பெருக்க வந்தவர் விளக்குமாற்றோடு நின்றார்.

"முடிஞ்சிட்டா?" என்றாள்.

"முடிஞ்சிட்டு மதினி."

"லாரி?"

இவ்வளவு நல்ல கதையைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிப் போட்டு உடைத்தவனை நேரில் பார்த்தால் நாலு கேட்டிருப்பேன்.

வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. எதிர் டீக்கடையின் தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கினோம். டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துச் சூடு பிடித்துக்கொண்டிருந்தாள். நான் படத்தைத் திட்ட ஆரம்பித்தேன். அவள் பேச்சை மறித்தாள்.

"ஏட்டி, அவன் எறங்குனப்புறம்தான அம்புட்டுப் பேரும் விசிலடிச்சானுவ?"

"ஆமா."

"எறங்குனாத்தான் கத. வண்டிக்குள்ளயே இருந்தா கத இல்ல." சொல்லிவிட்டு நின்றாள். "எங்க வீட்டு அவிய எறங்கலட்டி."

தார்ப்பாய் விளிம்பில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னாள்.

"கதவுல வெரல் மாட்டிக்கிச்சுன்னுதான சொன்னாவ. அந்தப் பயலுக்கும் மாட்டுச்சே, பாத்தியா. வண்டி ஓட்டுனேன்னாவ. மறுநாளும் ஓட்டுனேன்னாவ. எல்லாத்தையும் வந்த அன்னைக்கே சொல்லிட்டாவட்டி. ஒண்ணக்கூட மறைக்கல. நான்தான் பொய்யி பொய்யின்னு… ஆசுபத்திரியில வச்சும் பொய்யின்னேனே."

டம்ளரை வைத்துவிட்டு நடுரோடு என்று பார்க்காமல் அழுதாள். புருஷன் செத்தபோது அழாததையும் சேர்த்து அழுதாள். டீக்கடைக்காரர் ரேடியோவைக் குறைத்தார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. "அண்ணாச்சிக்குத் தெரியும் மதினி, நீங்க எப்படின்னு அவியளுக்குத் தெரியாதா" என்று ஏதோ சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டாள். ஆட்டோவில் வீடு வரும்வரை குடையை மடியில் வைத்து, கறை படிந்த விரல்களைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

அந்த வாரம் துபாயிலிருந்து பேசிய என் வீட்டுக்காரர், என்ன விசேஷம் என்று நான் கேட்டதற்கு வழக்கம்போல, "என்ன, வேலைக்குப் போனேன், வந்தேன்" என்றார். வழக்கமாக அதற்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அன்றைக்கு, "சரி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

இப்போது நான் மாற்றலாகி வேறு ஊரில் இருக்கிறேன். மதினி கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறாள். அவளை நினைத்தால் தியேட்டர் ஞாபகத்துக்கு வருவதில்லை, அதற்கு மறுநாள் காலைதான் வருகிறது.

தடை நீங்கிய அருவிக்கு விருந்தாட்களை அனுப்பிவிட்டுச் சரசு ஓடி வந்தாள். மதினி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் மாடிப்படியில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தேன்.

"சொல்லுங்க மதினி, கதை எப்படி?"

படத்தைக் கிழித்துத் தோரணம் கட்டப் போகிறாள் என்று நான் சீப்பை நிறுத்திக் காத்திருந்தேன்.

"வெள்ளென எந்திரிக்காவ" என்று மதினி ஆரம்பித்தாள். "ஒரே பனி. வண்டி ஸ்டார்ட் ஆவாது. டேங்குக்கு அடியில தீய மூட்டிச் சூடு காட்டுதாவ. டயருக்குச் சங்கிலி கட்டுதாவ. கதவைச் சாத்தையில ஒரு பயலுக்கு வெரல் மாட்டிக்கிடுது. துணியச் சுத்திக்கிட்டு அவனும் ஏறிக்கிடுதான். ரோடு வழுக்குது. பாத்துப் பாத்து ஓட்டுதாவ. நிப்பாட்டுன எடத்துல எல்லாம் எறங்கிக் கட்டை போடுதாவ. மேல போயி அரிசி, மண்ணெண்ண எல்லாத்தையும் எறக்கிக் குடுக்காவ. அங்கன இருக்கவனுவ பொங்கிச் சாப்புடுதானுவ. இவிய வண்டியைத் திருப்பிக்கிட்டுக் கீழ வந்துருதாவ."

சரசு கேட்டாள்: "சண்டை?"

"அது அங்கன ஒரு பக்கம் நடக்கு."

"அப்புறம்?"

காற்றில் கதவு லேசாக ஆடியது. மதினி கட்டையைக் காலால் தள்ளிச் சரியாக வைத்தாள். முறத்தில் கிடந்த கீரையைப் புரட்டிவிட்டாள்.

"அப்புறம் என்ன, மறுநாளும் ஓட்டுனாவ."